இரும்பு டிரம்மில் வெள்ளை யூனிபார்ம்

வேலுத்தாய்க்கு இந்த உலகத்தில் பயம் என்று ஒன்று உண்டென்றால், அது புருஷன் ராஜசேகர் கையில் ஸ்பேனரைப் பார்ப்பதுதான். யானை வந்து எஸ்டேட் லயத்து வரிசைவீட்டு வாழையைப் பிடுங்கித் தின்றபோதுகூடச் சட்டியைத் தட்டிக்கொண்டு முன்னால் போனவள் அவள். ஆனால் லீவு நாளில் மனுசன் ஸ்பேனரைத் தேடுகிறார் என்றால் அதை முதலில் எடுத்து ஒளித்துவைக்கப் பார்ப்பாள். மிக்ஸியைச் சரிசெய்கிறேன் என்று உட்கார்ந்தார், மிக்ஸி போயிற்று. அதே சூட்டில் குழாயைத் தொட்டார், மூன்று வாரம் பக்கத்து வீட்டில் தண்ணீர் பிடித்தார்கள். தேயிலைப் பாக்டரியில் இருபத்தாறு வருஷமாக இலை சுருட்டுகிற ரோலர் மிஷினைக் கட்டி மேய்க்கிறவர் அவர். அங்கே அவர் கைபட்ட மிஷின் ஒரு நாளும் நின்றதில்லை என்று ஊரே சொல்கிறது. வீட்டுக்கு வந்தால் மட்டும் அந்தக் கைக்கு என்னதான் ஆகுமோ.

இந்த முறை அவருக்குத் தோதாகக் கரண்டும் போய்த் தொலைந்தது. செவ்வாய்க்கிழமை அடித்த காற்றில் மேல் டிவிஷன் வளைவில் ஒரு மரம் லைன் கம்பி மேல் சாய்ந்தது. அன்றிலிருந்து லயத்தில் ஒரு பல்பு எரியவில்லை. கரண்டு ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டால், "நாளெ செரியாவும் சேச்சி" என்று தினமும் ஒரே பதில். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய வாஷிங் மிஷின் மூலையில் வெங்காயக் கூடையைச் சுமந்துகொண்டு நின்றது. வேலுத்தாயின் வலது மணிக்கட்டோ, கத்தரி பிடித்துத் தேயிலைக் கொழுந்து வெட்டி வெட்டி வீங்கிப்போயிருந்தது. துணி பிழியவே கூடாது என்று எஸ்டேட் டாக்டர் சொல்லியிருந்தார். அதை அவள் மறந்துவிட்டாள். ராஜசேகர் மறக்கவில்லை, அதுதான் வினை.

போனில் சார்ஜ் இருந்த கடைசி நாளில், எங்கோ ஒரு தேசத்தில் கரண்டு இல்லாமல் கையால் சுற்றித் துணி துவைக்கும் மிஷினை அவர் வீடியோவில் பார்த்துவிட்டார். பிறகு கேட்கவா வேண்டும்? பாக்டரியில் பழைய சாமான் குவியலில் கிடந்த இரும்பு டிரம் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். அதைப் படுக்கவைத்து, நடுவில் கம்பி பாய்ச்சி, இரண்டு மரக்காலில் ஏற்றி, சைக்கிள் பெடலைக் கைப்பிடியாக மாட்டி, டயர் டியூப் வைத்து ஒரு மூடியும் போட்டார். சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் அது நின்றது. பார்க்க என்னவோ மாதிரி இருந்தாலும் சுற்றியது.

"கையே நனையாது வேலு," என்றார். "இத்தன வருசம் நீ துவச்சதுக்கெல்லாம் சேத்து இனி நான் சுத்துதேன்."

"நீங்க சுத்துங்க, சுத்தாம போங்க. இந்துவோட வெள்ள யூனிபார்ம மட்டும் தொட்டுராதீக. அத நான் கையால அலசிக்கிடுதேன்."

"சரி."

முப்பது வருஷத்தில் அந்த மனுசன் 'சரி' என்று சொன்னதெல்லாம் வேறு எதையோ யோசித்துக்கொண்டு சொன்னதுதான். அது அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தும் யூனிபார்மை வீட்டிலேயே வைத்துவிட்டு வெளியே போனாளே, அந்தக் கோபம் பிறகு அவளுக்கு அவள் மேலேயே வந்தது.

இந்து அவர்களுடைய ஒரே மகள். நர்சிங் படித்து முடித்து, எட்டு மாதம் அலைந்து, கடைசியில் அடிமாலியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு முழு வெள்ளை யூனிபார்மில் வந்து கையெழுத்துப் போடவேண்டும், தவறினால் லிஸ்டில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று கடிதத்தில் தெளிவாக எழுதியிருந்தார்கள். இரண்டு செட் தைத்தாயிற்று. சனிக்கிழமை டெய்லரிடமிருந்து வாங்கி வரும் வழியில் ஜீப் சேற்றில் புதைந்தது. எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். தள்ளின வேகத்தில் பை சரிந்து விழுந்து, இரண்டு செட்டும் சேறாகிவிட்டது. அதனால்தான் இந்தத் துவைப்பே.

வேலுத்தாய்க்கு இது வெறும் வேலை இல்லை. அவர்கள் இருக்கும் வீடு கம்பெனி வீடு. ராஜசேகருக்கு இன்னும் ஒரு வருஷம், அவளுக்கு இரண்டு. இரண்டு பேரும் ரிட்டயர் ஆனால் வீட்டைக் காலி செய்யவேண்டியதுதான். வீடு நிலைக்க வேண்டுமென்றால் வீட்டில் ஒரு ஆள் எஸ்டேட் வேலையில் சேரவேண்டும். லயத்தில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் பிள்ளைகளைக் கொழுந்து எடுக்க அனுப்பினார்கள். வேலுத்தாயையும் அவள் அம்மா அப்படித்தான் பதினெட்டு வயதில் அனுப்பினாள். தன் மகளை அனுப்பமாட்டேன் என்று அவள் எப்போதோ முடிவுகட்டிவிட்டாள். இந்து அந்த வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டால் போதும், பிறகு எது போனாலும் போகட்டும் என்று இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுச் செருப்பு வாங்கவும் போனுக்குச் சார்ஜ் போடவும் இந்து மூணாறுக்குக் கிளம்பினாள். மழை கொஞ்சம் விட்டிருந்தது. கவாத்து வெட்டின காட்டில் கிடக்கும் தேயிலைக் குச்சியைப் பொறுக்கி வந்தால் வெந்நீர் போடலாம், துணியை அலசலாம் என்று வேலுத்தாயும் கயிற்றை எடுத்துக்கொண்டு போனாள். ஒரு மணி நேரம்தான். தலையில் குச்சிக் கட்டோடு திரும்பும்போது தூரத்திலேயே அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. கடகட, கடகட.

வாசலில் சின்னக் கூட்டம். ராஜசேகர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. பக்கத்து வீட்டு அன்னாள் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலுத்தாய் குச்சிக் கட்டைக் கீழே போட்டுவிட்டு நேராக வீட்டுக்குள் போனாள். யூனிபார்ம் வைத்திருந்த வாளி காலி. பக்கத்தில் ஐந்து நாளாகக் குவிந்துகிடந்த அவளுடைய வேலைத் துணிகளும் இல்லை. கொழுந்து எடுக்கும்போது சேலைக்கு மேல் போடும் முழுக்கைச் சட்டை, தலைத்துணி, இடுப்பில் கட்டுகிற துணி, எல்லாம் கொழுந்துச் சாறு ஊறி விறைத்துக் கிடந்தவை. ஒன்றும் இல்லை.

"எங்க எந்துணி?" என்று வெளியே வந்தாள்.

"எல்லாம் உள்ளதான்."

"எல்லாம்னா?"

"வெள்ளய மட்டும் போட்டேன் வேலு. நாலே துணி, டிரம்முல சும்மா சளப்பு சளப்புனு அடிச்சுட்டுக் கிடந்துச்சு. ரோலர்லயும் அப்படித்தான், பாதி நெரச்சா இலை சுருளாது. நெறக்க இருந்தாத்தான் ஒண்ணோட ஒண்ணு உரசும். அதான் உன் துணியவும் சேத்துப் போட்டு நெரப்பிட்டேன். சுடுதண்ணியும் ஊத்தியிருக்கேன்."

"சுடுதண்ணி வேறயா! நிறுத்துங்க. தொறங்க அத."

"இன்னும் அஞ்சு நிமிசம்..."

"தொறக்கியளா, இல்ல நான் ஒடைக்கட்டா?"

மூடி திறந்தது. முதலில் தண்ணீர் வந்தது. கறுப்புத் தண்ணீர். அழுக்குத் தண்ணீர் கறுப்பாக இருக்குமே, அந்தக் கறுப்பு இல்லை, எழுதுகிற மை. அன்னாள் இரண்டடி பின்னால் போனாள். ராஜசேகர் உள்ளே கைவிட்டு ஒரு துணியை இழுத்தார். நனைந்த காக்காய் நிறத்தில் ஒரு கால்சட்டை வந்தது. அடுத்து ஒரு சட்டை, அதுவும் அப்படியே. பையில் பெயர் எழுதி மாட்டுவதற்கு டெய்லர் வைத்துக்கொடுத்த சின்னப் பட்டிகூடக் கறுத்துப்போயிருந்தது.

ராஜசேகர் துணியையும் பார்த்தார், டிரம்மையும் பார்த்தார். டிரம்முக்குள் விரலைவிட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

"இரும்பு," என்றார் மெதுவாக.

வேலுத்தாய்க்கு அப்போதுதான் உறைத்தது. பாக்டரியில் ரோலர் மேடைக்குப் பித்தளை போட்டிருப்பது ஏன் என்று வருகிற டூரிஸ்டுகளுக்கெல்லாம் தமிழிலும் மலையாளத்திலும் பாதி இங்கிலீஷிலும் வருஷக்கணக்காக விளக்குகிற ஆள் இவர்தான். கொழுந்துச் சாறு இரும்பில் பட்டால் கறுத்துவிடும், அதனால் இலை இரும்பைத் தொடவே கூடாது. அந்த மகாராசன் இரும்பு டிரம்முக்குள் ஐந்து நாள் கொழுந்துச் சாற்றை அள்ளிப் போட்டு, சுடுதண்ணீரும் ஊற்றி, அதில் பெற்ற மகளின் வெள்ளை உடுப்பை ஊறவைத்துச் சுற்றோ சுற்றென்று சுற்றியிருக்கிறார்.

"ஏங்க, ஒங்களுக்கு நல்ல புத்தியே வராதா?" என்று ஆரம்பித்தாள். பிறகு அவள் பேசினதை எல்லாம் இங்கே எழுதினால் நன்றாக இருக்காது. லயத்தின் கடைசி வீட்டில் இருந்தவர்கள்கூட வெளியே வந்து நின்று கேட்டார்கள். அன்னாள்தான் இடையில் புகுந்து, "வேலக்கா, திட்டுறத அப்புறமும் திட்டிக்கிடலாம். இப்ப என்ன செய்ய?" என்றாள்.

என்ன செய்ய? புதிதாக வாங்கலாமென்றால் ஞாயிற்றுக்கிழமை, டெய்லர் கடை கிடையாது. இரவல் கேட்கலாமென்றால் லயத்தில் வேறு நர்சும் கிடையாது. எங்கள் வீட்டில் மகளுடைய சர்ச்சில் முதல் நன்மை வாங்கும்போது போட்ட வெள்ளை உடுப்பு இருக்கிறது என்றாள் அன்னாள், அந்தப் பிள்ளைக்கு எட்டு வயது. வேலுத்தாய்க்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. தன் கையைப் பார்த்தாள். கத்தரி இரும்பும் கொழுந்துச் சாறும் சேர்ந்து விரல் எல்லாம் கறுத்துத்தான் கிடந்தது. கல்யாணம் காட்சி என்று ஊருக்குப் போகும்போது லயத்துப் பெண்கள் எல்லாரும் எலுமிச்சம்பழத்தையும் உப்பையும் வைத்துத்தான் அந்தக் கறுப்பை எடுப்பார்கள்.

"எலுமிச்சம்பழம்," என்றாள். "வீட்டு வீட்டுக்குக் கேளு அன்னாள். எவ்வளவு இருக்கோ அம்புட்டும் கொண்டா."

பதினேழு பழம் சேர்ந்தது. இரண்டு ஊறுகாய்க்கு நறுக்கி வைத்தவை, அவற்றையும் விடவில்லை. பிளாஸ்டிக் தொட்டியில் துணியைப் போட்டு, உப்பைத் தூவி, பழத்தைப் பிழிந்து தேய்க்க ஆரம்பித்தாள். அரை மணி தேய்த்ததும் ஒரு கைக்குட்டை அகலத்துக்குக் கறுப்பு சாம்பலாயிற்று, சாம்பல் இன்னும் கொஞ்சம் வெளுத்தது. போகும். ஆனால் இரண்டு செட்டுக்குப் பழம் பத்தாது. ஒரு செட்டைத் தூக்கித் தூர வீசினாள். மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. ராஜசேகர் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"குடு, நான் தேய்க்கேன்."

"தள்ளிப் போங்க. ஒங்க கை படாம இருந்தாலே அது வெளுக்கும்."

மத்தியானம் இந்து வந்தாள். கையில் செருப்பு டப்பா. தொட்டியையும், தூரக் கிடந்த கறுப்புத் துணியையும், ஆத்தா அப்பன் முகத்தையும் பார்த்தாள். என்ன நடந்தது என்று அன்னாள் சொன்னாள். இந்து செருப்பு டப்பாவைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"விடும்மா," என்றாள். "எனக்கு அம்புட்டுத்தான் போல. ஆபீஸ்ல பேரு இருக்கில்ல, பாத்துக்கலாம்."

"என்ன பேரு?"

இந்து அப்பாவைப் பார்த்தாள். ராஜசேகர் தரையைப் பார்த்தார்.

"அப்பா சொல்லலையா? டிவிஷன் ஆபீஸ்ல எம்பேர எழுதிக் குடுத்திருக்காக. ஆஸ்பத்திரி வேல சரியா வரலைன்னா இங்க எடுத்துக்கிடட்டும்னு. ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

வேலுத்தாயின் கை தொட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது. பித்தளையைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிற ஆள். தொடாதீர்கள் என்று சொல்லியும் தொட்ட ஆள். இப்போது ஆபீசில் பெயர் வேறு. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே ஒரு கேள்விதான் வந்தது. அதைக் கேட்க அவளுக்கே பயமாக இருந்தது. கேட்டாள்.

"வேணும்னே செஞ்சியளா?"

"என்ன பேச்சு இது?"

"நான் கேக்கதுக்குப் பதில் சொல்லுங்க. நம்ம பிள்ள போகக் கூடாதுன்னு வேணும்னே செஞ்சியளா?"

"சத்தியமா இல்ல வேலு. டிரம்மு காலியாச் சுத்துச்சு, நெரப்பணும்னு தோணுச்சு, நெரப்பிட்டேன். வேற நெனப்பே இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். அத்தோடு விட்டிருக்கலாம். அந்த மனுசனுக்கு எங்கே நிறுத்துவதென்று தெரிந்தால்தானே. "ஆனா மூடியத் தொறந்து கருப்பாப் பாத்தேம்லா, அப்ப ஒரு நிமிசம் மனசு லேசாச்சு. வீடு நின்னுரும்னு தோணுச்சு. அது பொய்யில்ல."

அவளுக்கு அவரை அறைய வேண்டும்போல இருந்தது. பொய் சொல்லித் தொலைத்திருந்தால் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் சோறு போட்டிருப்பாள். இப்படி உண்மையைச் சொல்லி அவள் தலையில் கட்டிவிட்டால், அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வது?

"ரெண்டு வருசம் கழிச்சு எங்கிட்டுப் போறது?" என்றார் அவர். "ஊருல ஒரு அடி மண்ணு கிடையாது. சங்கரன்கோவில்ல எங்க அண்ணன் மகனுக்கு நம்ம மூஞ்சியே தெரியாது. நெனச்சா ராத்திரி தூக்கமே வரமாட்டேங்கு."

"எனக்கு மட்டும் வருதா? எங்கிட்டாவது போவோம். இவள மலையில கொழுந்தெடுக்க ஏத்திட்டு, அந்த வீட்டுக்குள்ள நான் கால நீட்டிப் படுப்பேன்னு நெனச்சியளா?"

இந்து எழுந்து உள்ளே போய்விட்டாள். வேலுத்தாய் மறுபடி தேய்த்தாள். நாலு தேய்ப்புக்கு மேல் முடியவில்லை, மணிக்கட்டு மடங்கவே மறுத்தது. கை தானாகத் துணியை விட்டுவிட்டது. ராஜசேகர் ஒன்றும் கேட்காமல் எதிரில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தார். அவள் தடுக்கவில்லை, ஆனால் கண்ணையும் எடுக்கவில்லை. "அக்குள் பக்கம். காலர் மடிப்பு. அழுத்தாதீக, கிழிஞ்சுரும்," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மூன்று மணிக்குத் துணி வெளுத்தது. கால்சட்டை மடிப்பில் மட்டும் லேசாகச் சாம்பல் நின்றது, அதை உள்பக்கம் மடித்துத் தைத்துவிடலாம்.

வெளுத்தாயிற்று, காய வேண்டுமே. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. இந்தப் பனியில் வீட்டுக்குள் போட்டால் மூன்று நாளானாலும் துணி சொதசொதவென்றுதான் இருக்கும். அடுப்புக்கு மேல் போட்டால் புகை ஏறி மஞ்சளாகும். காலை ஐந்தரைக்கு ஜீப். பாக்டரியில் மட்டும் சனிக்கிழமைக் கொழுந்துக்காக ஜெனரேட்டரும் இலை உலர்த்துகிற டிரையரும் ஓடிக்கொண்டிருந்தன. டிரையர் பக்கம் அடிக்கிற சூட்டுக் காற்றில் எந்தத் துணியும் காய்ந்துவிடும். ஆனால் அங்கே போகக்கூடிய ஆள் அந்த வீட்டில் ஒரே ஆள்தான்.

இதைவிட ஒரு கொடுமை உண்டா? வேலுத்தாய் துணியை உதறி மடித்தாள். பிறகு அவர் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள்.

பாக்டரி கேட்டில் வாட்ச்மேன் கருப்புசாமி அவளை உள்ளே விடவில்லை. "வேலைக்காரங்க மட்டும்தான் மதினி, என்னயக் கொல்லாதீக," என்றார். ராஜசேகர் உள்ளே போனார், அவள் கேட்டுக்கு வெளியே நின்றாள். சூட்டில் இரண்டு நிமிஷம் கூடுதலாகப் பிடித்தால் போதும், வெள்ளை பழுப்பேறிவிடும். அதை யாரும் குற்றம் என்று சொல்லவும் முடியாது. இந்த மனுசனை முப்பது வருஷமாகத் தெரியும், இருந்தும் அவர் என்ன செய்வார் என்று இந்த நேரத்தில் தனக்குத் தெரியவில்லையே என்று அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலில் கருப்புசாமியையும் நாலு பேச்சுப் பேசினாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒன்றரை மணி ஆயிற்று.

இருட்டுவதற்குச் சற்று முன்னால் அவர் வந்தார். தேயிலை கட்டுகிற புதுக் காகிதச் சாக்கு ஒன்றை நெஞ்சோடு அணைத்திருந்தார். அவள் குடையை அவர் கையில் திணித்துவிட்டுச் சாக்கைப் பிரித்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது. வெள்ளையாக இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஒரு பழுப்பு இல்லை.

"இம்புட்டு நேரமா?"

"எங்கயும் போட முடியல. கீழ வச்சா தேயிலத் தூளு ஒட்டும், கம்பியில போட்டா துரு படும். கையில விரிச்சுப் புடிச்சுட்டே நின்னேன்."

குடை ஆடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. அவர் கைகள்தான் நடுங்கிக்கொண்டிருந்தன, முழங்கைவரை சூட்டில் சிவந்துபோய். அதைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. இந்த மனுசன் தன்மேல் நிம்மதியாகக் கோபப்படக்கூட விடமாட்டாரா?

நடந்தார்கள். வளைவு திரும்பியதும் அவர் சொன்னார், "காலையில நானும் இந்துகூட ஜீப்புல போறேன்."

"எதுக்கு? அங்க போயி எதக் கழட்டப் போறீக?"

"அவ கையெழுத்துப் போடட்டும். நான் அப்படியே நடந்து, அடிமாலில நம்மளுக்குத் தோதா ஒரு சின்ன வீடு வாடகைக்கு எங்க கிடைக்கும்னு விசாரிச்சுட்டு வாறேன். வந்து ஆபீஸ்ல அந்தப் பேரையும் அடிக்கச் சொல்லிருதேன்."

வேலுத்தாய் பதினெட்டு வயதிலிருந்து படுத்து எழுந்த வீடு, விளக்கில்லாமல் மேட்டில் தெரிந்தது. போகலாம் என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அவர் சொல்லி இன்றைக்குத்தான் கேட்கிறாள். கேட்டதும் அழுகை வந்துவிட்டது. இந்த ஆளுக்கு முன்னால் அழவேண்டி வந்ததே என்று அதற்கும் சேர்த்து எரிச்சல் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், சாக்கு நனையாமல் குடைக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"விசாரிக்கிறதோட நிறுத்துங்க, முடிவ நான் வந்து பாத்துட்டுச் சொல்லுதேன்," என்றாள். பத்தடி நடந்து மறுபடி வாயைத் திறந்தாள். "தண்ணி வசதி உள்ள வீடாப் பாருங்க."